காரணம் எழுதும் அந்தக் கட்டம்: ராணுவ மருத்துவக் குழுக்களில் அமரும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் தரைப்படையில் 24 ஆண்டுகள் எழுத்தராக இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். கடைசி ஐந்து ஆண்டுகள் ஒரு ராணுவ மருத்துவமனையில் வேலை. படையை விட்டு வெளியேறும் வீரர்களின் உடல்நிலையை மதிப்பிடும் மருத்துவக் குழுவின் தாள்களைத் தட்டச்சு செய்யும் மேசை என்னுடையது. உங்களைப் போன்ற அதிகாரிகள் கையெழுத்திடும் அந்தப் படிவம், ஏஎஃப்எம்எஸ்எஃப்-16, எனக்கு மனப்பாடம். எந்தப் பக்கத்தில் எந்தக் கட்டம் வரும், அதில் எத்தனை சொல் கொள்ளும் என்பதுவரை தெரியும்.

இதை அமைச்சகத்துக்கு எழுதலாமே என்றார்கள் நண்பர்கள். அமைச்சகத்துக்கு எழுதியவர்கள் ஏராளம். பிரயாக்ராஜில் இருக்கும் ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்கு எழுதியவர்கள் அதைவிட ஏராளம். ஆனால் நாங்கள் டிசபிலிட்டி பென்ஷன் என்று சொல்லும் ஊன ஓய்வூதியம் ஒருவருக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்பது, கோப்பு அங்கெல்லாம் போய்ச் சேர்வதற்கு முன்பே உங்கள் பேனாவில் முடிவாகிவிடுகிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை முன்னாள் படைவீரர்கள் சிலர் என் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். வந்த கடிதத்தை வாசித்து விளக்குவேன். மேல்முறையீடு எழுதித் தருவேன். ஸ்பர்ஷ் என்ற இணையவழி ஓய்வூதியக் கணக்கில் உயிர்ச்சான்று பதிவாகாமல் நின்றுபோயிருந்தால் சரிபார்த்துக் கொடுப்பேன். சில மாதங்களுக்கு முன் பீரங்கிப் படையில் 17 ஆண்டுகள் இருந்த ஒருவர் வந்தார். ரெக்சின் பையிலிருந்து, நான்காக மடித்த தாள்களை எடுத்துக் கொடுத்தார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் தேய்ந்து, எழுத்துகள் உதிர்ந்திருந்தன. நான் வாசிக்கத் தொடங்கியதும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "இந்தப் பக்கம் கொஞ்சம் கேட்கும் அண்ணே" என்று வலது காதைக் காட்டினார்.

இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு. குறைபாடு 20 சதவீதம். பணியால் ஏற்பட்டதா? இல்லை. பணியால் தீவிரமானதா? இல்லை. பணியோடு தொடர்பில்லாததா? ஆம். அடுத்து, 'காரணம்' என்ற கட்டம். அதில் ஒரே ஒரு வரி: அமைதி நிலையத்தில் இருந்தபோது தொடங்கியது, ஆகவே பணிக்குத் தொடர்பில்லை. எல்லைக் காவலிலோ களத்திலோ இல்லாமல் படைப்பிரிவு தங்கும் இடத்தைத்தான் அமைதி நிலையம், பீஸ் ஸ்டேஷன் என்பார்கள்.

அந்த ஆண்டு எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். யூனிட் பீஸ் ஸ்டேஷனில்தான் இருந்தது, ஆனால் இரண்டு முறை ராஜஸ்தானில் மகாஜன் சுடுதளத்துக்குப் பயிற்சிக்குப் போனோம் என்றார். 155 மில்லிமீட்டர் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று குண்டு நிரப்பியவர் அவர். முதல் நாள் இரவே காதில் ரீங்காரம் கேட்கத் தொடங்கியதாம். மூன்றாம் நாள், கட்டளை கேட்காமல் கூட இருந்தவர் தோளைத் தட்டிச் சொல்ல வேண்டியிருந்ததாம். இதையெல்லாம் மருத்துவக் குழுவிடம் சொன்னீர்களா என்றேன். "யாரும் கேட்கவில்லையே அண்ணே" என்றார்.

கேட்டிருக்கிறார்கள், தாளில். படிவத்தின் முதல் பகுதியில், வீரர் தாமே தரும் வாக்குமூலத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது: உங்கள் குறைபாட்டை ஏற்படுத்தியதாகவோ அதிகமாக்கியதாகவோ நீங்கள் நினைக்கும் பணிக்கால நிகழ்வுகளை விவரிக்கவும். அதற்கு நேரே 'நில்' (Nil), அதாவது எதுவும் இல்லை என்று தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. கீழே அவருடைய கையெழுத்து.

அந்த 'நில்'லை யார் அடித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என்னைப் போன்ற ஓர் எழுத்தர். ஒரு நாளைக்கு எட்டுப் பேர் பத்துப் பேர் என்று வரிசை நிற்கும்போது, முந்தைய ஆளின் தாளைத் திறந்து பெயரையும் எண்ணையும் மாற்றிவிட்டு, மற்றதை அப்படியே விட்டுவிடுவோம். நானும் அதைச் செய்திருக்கிறேன். எத்தனை பேருக்குச் செய்தேன் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருக்கும் வீரர், கோடு போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அந்தக் கையெழுத்தைத்தான் பத்து ஆண்டு கழித்து அவருக்கு எதிராகவே நீட்டுகிறார்கள்: நீரே நிகழ்வு எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறீரே!

மருத்துவர்களே, உங்களில் பலர் இளம் அதிகாரிகள். மருத்துவம் நன்றாகப் படித்து வந்தவர்கள். ஆனால் நீங்கள் எழுதும் அந்த வரி வெளியே போய் என்னவாகிறது என்பதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஊன ஓய்வூதியத்துக்கு இரண்டு வாசல்கள். குறைபாடு பணியால் ஏற்பட்டதாகவோ தீவிரமானதாகவோ இருக்க வேண்டும். அது 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். இரண்டுக்கும் சாவி உங்களிடம். நீங்கள் 'இல்லை' என்று எழுதினால், வீரர்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸ் அதைத் தாண்டிப் பார்ப்பதில்லை. உங்கள் வரியையே படியெடுத்து, உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது, ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அனுப்பும். ஊரில் அதை வாசிக்க ஆளிருக்காது. பெயரும் எண்ணும் பெயிண்டில் எழுதிய கறுப்பு ட்ரங்குப் பெட்டிக்குள், பழைய சீருடைக்கு அடியில் அது போய்ச் சேரும். ஆறு மாதம் ஓடிவிடும்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 100 சதவீதக் குறைபாட்டுக்கு, கடைசியாக வாங்கிய ஊதியத்தில் 30 சதவீதம் ஊனப் பங்காகக் கிடைக்கும். குறைபாடு குறையக் குறைய அதே விகிதத்தில் தொகையும் குறையும். 20 சதவீதம் என்றால் ஊதியத்தில் 6 சதவீதம். 1996 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த முழுமையாக்கல் முறையில், 50க்குக் கீழே இருப்பது 50 ஆகவும், 50 முதல் 75 வரை இருப்பது 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் கணக்கிடப்பட்டது. முதலில் இதை நோயால் இடையில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். பணிக்காலம் முடித்து வெளியேறியவர்களுக்கும் இது உண்டு என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

கடைசி ஊதியம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 சதவீதக் குறைபாடு 50 ஆக முழுமையாக்கப்பட்டால் மாதம் 6,000 ரூபாய், அதன் மேல் அகவிலை நிவாரணம். ஆண்டுக்கு 72,000. அதிகாரி ஒருவருக்கு இது சிறிய தொகையாகத் தோன்றலாம். காது கேட்காததால் காவலாளி வேலையும் கிடைக்காத ஒருவருக்கு இது குடும்பத்தின் அரிசியும் பருப்பும் மருந்தும். 15 ஆண்டு முடிக்கும் முன்பே போர்டு அவுட் ஆகி, அதாவது நோயால் இடையில் வெளியேற்றப்பட்டு வந்த சிப்பாய்க்கோ, வழக்கமான பணி ஓய்வூதியத்துக்குத் தேவையான பணிக்காலமே இல்லை. அவருக்கு உங்கள் 'ஆம்' கிடைத்தால், செய்த பணிக்கான பணிப் பங்கும் ஊனப் பங்கும் சேர்ந்து வரும். 'இல்லை' என்றால் இரண்டும் போகும்.

அடுத்தது நிலுவை. திண்ணைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். வெளியே வந்த நாளிலிருந்து எல்லாம் சேர்த்துக் கொடுப்பார்களா அண்ணே? அவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது எனக்கு மிகவும் கடினமாக இருக்கிறது.

தர்சேம் சிங் வழக்கு என்று ஒன்று. 1983இல் நோயால் வெளியேற்றப்பட்ட வீரர், 1999இல்தான் நீதிமன்றம் போனார். 16 ஆண்டு தாமதம். ஓய்வூதிய மறுப்பு மாதா மாதம் தொடரும் தவறு, ஆகவே தாமதத்தைக் காட்டி வழக்கையே தள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2008 ஆகஸ்டில் சொன்னது. அதே தீர்ப்பில், நிலுவையை வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் என்று நிறுத்தியது. அதற்குப் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குத் தாமதமாகப் போன எத்தனையோ பேருக்கு இந்த மூன்றாண்டு அளவுகோலே வந்து நின்றிருக்கிறது.

மேலே சொன்ன 6,000 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு கழித்துத் தீர்ப்பாயத்துக்குப் போகிறவர் முழுதாக வென்றாலும், பழைய நிலுவையாகக் கிடைப்பது 2,16,000. மீதி ஏழு ஆண்டின் 5,04,000 ரூபாய் போனது போனதுதான். அகவிலை நிவாரணத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை. அவர் செய்த தவறு என்ன? ஆங்கிலக் கடிதம் புரியாமல் பெட்டியில் வைத்தது. எழுதியது நீங்கள், தட்டச்சு செய்தது நான், பணத்தை இழந்தது அவர். இதை நினைத்தால் எனக்கு இன்றும் தூக்கம் வருவதில்லை.

சட்டம் உங்களிடம் கேட்பது அதிகமில்லை. ஊன ஓய்வூதிய உரிமை யாருக்கு என்று வகுத்த, முன்பு நடைமுறையில் இருந்த 1982ஆம் ஆண்டு உரிமை விதிகள் சொன்னதைப் பாருங்கள். படையில் சேரும்போது எந்த நோயும் பதிவாகவில்லை என்றால், அவர் நல்ல உடல்நலத்தோடு சேர்ந்தவர் என்றே கொள்ள வேண்டும். உரிமையை நிரூபிக்கும்படி கோருபவரைக் கேட்கக் கூடாது. நியாயமான சந்தேகம் எழுந்தால் அதன் பலன் அவருக்கே. களப்பணியில் இருந்தவருக்கு இன்னும் தாராளமாக. இவ்வளவு மனிதத்தன்மையோடு எழுதப்பட்ட அரசு விதியை நான் அதிகம் பார்த்ததில்லை. தரம்வீர் சிங் வழக்கில் 2013 ஜூலை 2 அன்று உச்ச நீதிமன்றம் இந்த விதிகளைத்தான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது. ஒன்பது ஆண்டு பணியாற்றி, வலிப்பு நோயால் வெளியேற்றப்பட்ட சிப்பாய் அவர். சேரும்போது கண்டுபிடிக்க முடியாத நோய் என்று மருத்துவக் குழு கருதினால் அதற்குக் காரணம் எழுத வேண்டும் என்றது நீதிமன்றம். அவருடைய தாளில் காரணமே இல்லை.

2025 மே மாதத்திலும் உச்ச நீதிமன்றம், மனநோய் என்று வெளியேற்றப்பட்ட ஒருவர் வழக்கில் இதையே மறுபடி சொன்னது: காரணம் எழுதாத மருத்துவக் குழுவின் கருத்தை வைத்து ஓய்வூதியத்தை மறுக்க முடியாது. இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையே ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள். கட்டம் அதே கட்டம்.

2023 செப்டம்பர் 21 முதல் புதிய உரிமை விதிகள் வந்திருக்கின்றன. மருத்துவ அதிகாரிகளுக்கான கையேடும் புதிது. பெயர்கள் மாறியிருக்கின்றன, சில நோய்களைப் பார்க்கும் முறையும் மாறியிருக்கிறது. அதைப் பற்றி வேறொரு நாள் பேசலாம். எந்த விதியின் கீழ் உட்கார்ந்தாலும் எதிரில் இருப்பவரிடம் கேட்டு, கேட்டதை எழுதும் வேலை உங்களுடையதுதான்.

'அமைதி நிலையம்' என்ற சொல்லைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல அனுமதியுங்கள். அது படைப்பிரிவு தங்கியிருக்கும் இடத்தின் நிர்வாகப் பெயர். நோய்க்கும் அதற்கும் என்ன உறவு? சியாச்சினிலோ காஷ்மீரின் எல்லைக் காவலிலோ இரண்டு ஆண்டு இருந்துவிட்டுக் கீழே வந்தவருக்கு, வந்த நான்காம் மாதம் ரத்த அழுத்தம் பிடிபடுகிறது. பிடிபட்ட நாள் அமைதி நிலையத்தில்; ஏறிய நாள் எது என்று யார் தேடினார்கள்? மேலே இருந்தபோது அவருக்குக் கடைசியாக எப்போது ரத்த அழுத்தம் பார்த்தார்கள்? அமைதி நிலையத்திலும் அதிகாலைப் பயிற்சி உண்டு, இரவுக் காவல் உண்டு, குடும்பத்தைப் பிரிந்திருப்பது உண்டு. அங்கேயும் ராணுவப் பணிக்கே உரிய அழுத்தம் இருக்கிறது என்று தீர்ப்பாயம் பல ஆணைகளில் சொல்லியிருக்கிறது. இருந்தும் அந்த ஒரே வரி, சீல் குத்தியதுபோல, தாளுக்குத் தாள் வந்துகொண்டிருக்கிறது. என் கைவிரல்கள் அந்த வரியைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும். அவ்வளவு பழக்கம்.

உங்கள் பக்கத்துக் கஷ்டமும் எனக்குத் தெரியும். வெளிநோயாளிப் பிரிவை முடித்துவிட்டு, சாப்பிடாமல் மருத்துவக் குழுவுக்கு வந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மேலே ஒப்புதல் தரும் அதிகாரி, 'ஆம்' என்று எழுதிய தாளைக் கேள்வியோடு திருப்பி அனுப்பியதையும், 'இல்லை' என்று எழுதியது கேள்வியே இல்லாமல் போனதையும் பார்த்திருக்கிறேன். ஓய்வு நெருங்கும்போது வேண்டுமென்றே நோயைப் பெரிதாக்கிக் காட்டி ஓய்வூதியம் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்ற பேச்சு உண்டு. சிலர் இருக்கலாம். அப்படிப்பட்டவரைத் தடுப்பதற்கும் அந்தக் கட்டத்தில் ஒழுங்காகக் காரணம் எழுதுவதுதான் வழி. எந்த ஆண்டு, எந்த இடம், என்ன பணி, என்ன பரிசோதனை, ஏன் தொடர்பில்லை என்று நான்கு வரி எழுதிய மறுப்பு தீர்ப்பாயத்தில் நிற்கும். ஒரு வரி மறுப்பு விழும். அரசு மேல்முறையீடு போகும், அதுவும் விழும். தோற்பதற்கென்றே வழக்கு நடத்துகிறோம். வீரர்கள் தொடுக்கும் வழக்குகளைக் குறைக்க வழி தேடி, பாதுகாப்பு அமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கர் 2015இல் ஒரு நிபுணர் குழுவையே அமைக்க வேண்டி வந்தது.

அந்தப் பீரங்கி வீரருக்கு மேல்முறையீடு எழுதி அனுப்பியிருக்கிறோம். மகாஜன் பயிற்சிக்குப் போன விவரத்தை யூனிட்டிலிருந்து கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். அவர் காத்திருக்கத் தயார். காத்திருக்க முடியாமல் போனவர்களும் உண்டு. போன ஆண்டு ஓர் அம்மா வந்தார். கணவர் இறந்த ஏழாம் மாதம் தீர்ப்பு வந்திருந்தது. கணவர் உயிரோடு இருந்த காலத்துக்கான வாழ்நாள் நிலுவை என்று அந்த அம்மாவின் கணக்கில் பணம் விழுந்திருந்தது. எவ்வளவு என்று சரிபார்க்க வரவில்லை அவர். தீர்ப்பின் எந்தப் பக்கத்தில் தன் கணவர் சொன்னது உண்மை என்று எழுதியிருக்கிறது, அதைத் தமிழில் படித்துக் காட்ட முடியுமா என்று கேட்டார். படித்துக் காட்டினேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

உங்களிடம் நான் கேட்பது புதிய சட்டம் எதையும் அல்ல. வீரரை நாற்காலியில் உட்கார வையுங்கள். நோய் தெரிந்த நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் எங்கே இருந்தார், என்ன வேலை செய்தார் என்று வாய்விட்டுக் கேளுங்கள். இந்தி தெரியாதவராக இருந்தால் அவர் மொழி தெரிந்த ஒருவரை வார்டிலிருந்து கூப்பிட்டுக்கொள்ளுங்கள். எந்த மருத்துவமனையிலும் தமிழ் தெரிந்த ஒருவர் இருப்பார். முதல் பகுதியில் 'நில்' என்று இருந்தால், அதை அவர்தான் சொன்னாரா என்று கேட்ட பிறகு கையெழுத்திடுங்கள். காது, முதுகு, முழங்கால் இவற்றுக்கு 15, 18 என்று இருபதுக்குக் கீழே எழுதும்போது, அந்த எண் எதன் கதவைச் சாத்துகிறது என்பதை நினைத்துக்கொண்டு எழுதுங்கள். காரணக் கட்டத்தில் இடம் போதாவிட்டால் தனித்தாள் இணையுங்கள். நான் இருந்தபோது ஒரே ஒரு மருத்துவர் அப்படிச் செய்வார். ஒரு பெண் மேஜர். அவர் இணைத்த தாள்களைத் தட்டச்சு செய்ய அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இன்று அவரை எங்காவது பார்த்தால் எழுந்து நின்று சல்யூட் அடிப்பேன்.

அடுத்த மாதம் எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்கு வெளியேறும் மருத்துவக் குழு இருக்கிறது. இடுப்பு எலும்புத் தேய்மானம். விடுப்பில் வந்திருந்தபோது திண்ணையில் உட்கார வைத்து அந்தப் படிவத்தை வரிக்கு வரி விளக்கியிருக்கிறேன். பணிக்கால நிகழ்வுகளைக் கேட்கும் அந்தக் கேள்விக்கு நேரே, பனியில் சுமை தூக்கி ஏறிய நாட்களையும், வழுக்கி விழுந்த இடத்தையும், அன்று முகாமில் மருந்து கொடுத்தவரையும் அவர் தன் கைப்படவே எழுதுவார். எழுத்துப் பிழை இருக்கும். தமிழில்தான் எழுதுவார். யாரையாவது கூப்பிட்டு, அதை முழுதாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மேசைக்கு அருகே ஐந்து ஆண்டுகள் தட்டச்சு செய்த ஒரு முன்னாள் ஹவில்தார்